ஒன்பது நாள் திறக்காத பெட்டி

சின்னத்திரைக்கு வசனம் எழுதப் புதிதாக வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு முதலில் ஒரு தொப்பிதான் ஞாபகம் வரும். நீங்கள் கேட்க வருவது வேறு. காட்சியை எங்கே ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது, நடிகர் வசனத்தை மாற்றிப் பேசினால் சண்டை போடலாமா, இப்படி. அதற்கெல்லாம் என்னைவிடப் படித்தவர்கள் பதில் சொல்வார்கள். நான் எந்தப் பட்டறையிலும் உட்கார்ந்து கற்றவன் இல்லை. பஸ்ஸிலும் ரேஷன் வரிசையிலும் பக்கத்தில் நிற்பவர் பேசுவதைச் சட்டைப்பை நோட்டில் கிறுக்கிக் கிறுக்கியே வசனகர்த்தா ஆனவன். "உங்க பக்கத்துல நிக்கவே பயமா இருக்குங்க, பேசுனா பிடுங்கிக்கிறீங்க" என்று என் மனைவியின் தம்பி ஒருமுறை சொன்னார். அதையும் எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு தொடரில் வில்லன் வாயில் வைத்தேன்.

ஆகவே தொப்பிக்கு வருகிறேன்.

நாங்கள் ஒரு போலீஸ் தொடர் செய்துகொண்டிருந்தோம். வாரம் ஒரு கதை. அந்த வாரக் கதையில் புது ரோந்துத் திட்டம் ஒன்று வருகிறது. ஊர்தோறும் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெட்டி தொங்கும். காவலர் சைக்கிளில் தினம் மூன்று முறை வந்து, பெட்டியைத் திறந்து, கையோடு கொண்டுவரும் நோட்டில் கையெழுத்துப் போட்டு, மக்கள் போட்ட மனுக்களை எடுத்துப் போக வேண்டும். திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கிறது. காவலர்களோ ஒரு வாரக் கையெழுத்தை ஸ்டேஷனில் உட்கார்ந்தே ஒரே தடவையில் போட்டுவிடுகிறார்கள். பெட்டியை யாரும் திறப்பதில்லை. உள்ளே ஒரு விதவையின் மனு கிடந்து மஞ்சளாகிறது. கடைசியில் நம் கதாநாயகர், எஸ்.ஐ. வேடம், பெட்டியைத் திறந்து முக்கால் பக்கத்துக்கு வசனம் பேசுகிறார். அந்த முக்கால் பக்கத்தை எழுதிவிட்டு நான் என்னையே இரண்டு முறை தட்டிக்கொடுத்தேன்.

படப்பிடிப்பைக் காரைக்காலில் வைக்கலாம் என்று இயக்குநரின் தலையில் ஏற்றியவனும் நான்தான். எனக்கு அங்கே தருமபுரத்தில் வீடு. சொந்த ஊரில் சென்னைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை மறைக்கவேண்டியதில்லை. இடமாக எல்லைக் கிராமமான பூவத்தைப் பிடித்தோம். பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு, இந்தப் பக்கம் புதுச்சேரி நிர்வாகம். பஸ் நிறுத்தத்தை ஒட்டி வளர்மதி என்ற அம்மாளின் டீக்கடை. நாற்பது வயதிருக்கும். கடையின் பக்கச் சுவரில்தான் எங்கள் பெட்டியைத் தொங்கவிடுவதாக ஏற்பாடு.

முதல் நாள் காலை, காவலர் வேடத்தில் நான்கு பேர் சைக்கிளோடு வந்து நின்றார்கள். சென்னையிலிருந்து கொண்டுவந்த தமிழ்நாட்டுத் தொப்பி. வளர்மதி அவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இவங்கள்லாம் யாருண்ணே, ஆத்துக்கு அந்தாண்டேருந்து வந்தவங்களா? எங்க ஊரு போலீசுன்னா மொதல்ல செவப்புத் தொப்பி தெரியும். அப்புறந்தான் உள்ள ஆளு இருக்காருன்னே தெரியும்."

நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். கூடவே வெட்கமும் வந்தது. வெள்ளைக்காரன், அதாவது பிரெஞ்சுக்காரன், விட்டுப்போன உயரமான சிவப்புத் தொப்பியை எங்கள் காவலர்கள் இன்றும் போடுகிறார்கள். காரைக்காலில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். இந்த ஊர்க்காரன் என்று மார்தட்டிக்கொண்டிருந்த நான் அதைச் சொல்ல மறந்திருக்கிறேன். உடனே படப்பிடிப்பை நிறுத்தினேன். இயக்குநர் "சார், பாக்குறவங்க தொப்பியையா பாக்கப்போறாங்க" என்றார். "என் ஊர்க்காரங்க பாப்பாங்க" என்றேன். அரை நாள் வீணாயிற்று. தையற்காரரைப் பிடித்து நான்கு சிவப்புத் தொப்பி தயாராயிற்று.

அதோடு நின்றேனா? பெட்டி ஒட்டுப்பலகையில் செய்து இரும்பு மாதிரி சாயம் அடித்தது. ஆர்ட் டிபார்ட்மென்ட் அண்ணன் ஒருவர், அனுபவஸ்தர், மனு போடும் துவாரத்துக்குக் கறுப்பு மையில் ஒரு கோடு போட்டிருந்தார். கேமராவில் அது போதும். நான் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "துவாரம்னா துவாரமா இருக்கணும்ணே" என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே அறுத்தார். நிஜப் பூட்டு வேண்டும் என்றேன், போட்டார். முகப்பில் எழுதவேண்டிய வாசகத்தை நானே எழுதிக்கொடுத்தேன்.

'உங்கள் குறை எதுவானாலும் இதில் போடுங்கள். இருபத்து நான்கு மணி நேரத்தில் உங்கள் வாசலில் நிற்போம். – காவல்துறை.'

நான் எழுதியதிலேயே ஒருவர் முழுதாக நம்பிய வாசகம் அதுதான் என்று பின்னால் தெரிந்தது.

நான்கு நாள் நன்றாக நடந்தது. சிவப்புத் தொப்பிகள் சைக்கிளில் வருவதும் போவதுமாக இருந்ததில் வளர்மதிக்கு ஒரு லாபம். பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து குடிப்பதற்கென்றே இந்தப் பக்கம் வந்து, திரும்பும்போது அவர் கடை பெஞ்சில் சாய்ந்துகொண்டு வாய்க்கு வந்ததைப் பேசும் சில பேர், அந்த நான்கு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. சனிக்கிழமை நாங்கள் மூட்டை கட்டினோம். கதாநாயகருக்கு வேறு தொடரில் வேலை. பெட்டியைத் திறப்பதும் அந்த முக்கால் பக்க வசனமும் மட்டும் பாக்கி. வரும் திங்கட்கிழமை கழித்து மறு திங்கட்கிழமை வந்து எடுப்பதாக முடிவு. ஆர்ட் அண்ணன் ஸ்குரூடிரைவரோடு சுவரருகே போனார்.

"அத விடுங்கண்ணே. கழட்டி மாட்டுனா கோணம் மாறிடும், கன்டினியூட்டி போயிடும்" என்றேன். கன்டினியூட்டி என்ற வார்த்தையை நான் சொல்லும்போது யாரும் மறுப்பதில்லை. எனக்கே அது ஒரு கௌரவமாக இருந்தது. வளர்மதியும் "இருந்துட்டுப் போவட்டும்ண்ணே, நான் பாத்துக்குறேன்" என்றார். சாவி ஆர்ட் டிபார்ட்மென்ட் பெட்டியோடு சென்னைக்குப் போய்விட்டது.

மறு திங்கள் காலை திரும்பி வந்தோம். கதாநாயகர் சீருடையில் தயார். காட்சி இதுதான்: அவர் பூட்டைத் திறக்கிறார், உள்ளே விதவையின் மனு, எடுத்துப் படிக்கிறார், முகம் மாறுகிறது. மனுவை உள்ளே வைக்கவேண்டியவர் உதவி இயக்குநர். அவர் வைத்துவிட்டார் என்று நான் நினைத்தேன். நான் வைத்துவிட்டேன் என்று அவர் நினைத்தார்.

கேமரா ஓடியது. கதாநாயகர் திறந்தார். காகிதங்கள் கீழே சரிந்தன. அவர் தேர்ந்த நடிகர், தடுமாறவில்லை. குனிந்து ஒன்றை எடுத்துப் பிரித்து வாய்விட்டுப் படித்தார்.

"மதிப்பிற்குரிய காவல்துறை ஐயா அவர்களுக்கு. எனக்கு வயது பதினாறு. பதினோராம் வகுப்பு. அடுத்த வாரம் புதன்கிழமை எனக்குத் திருமணம் வைத்திருக்கிறார்கள். எனக்கு விருப்பம் இல்லை. படிக்க வேண்டும். என் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் வந்தால் நல்லது. நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம். நீங்களே கண்டுபிடித்த மாதிரி வரவும்."

குரல் லேசாக உடைந்தது. முகம் மாறியது. நடிப்பு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

"கட், ஓகே" என்றார் இயக்குநர். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "சார், கடைசி நேரத்துல மாத்தியிருக்கீங்க பாருங்க. 'நீங்களே கண்டுபிடித்த மாதிரி வரவும்'. இதான் சார் நீங்க."

இப்போது நான் சொல்லப்போவதை என் வீட்டில்கூடச் சொன்னதில்லை. அந்தப் பாராட்டுக்கு நான் தலையை ஆட்டினேன். ஒரு நொடிதான். ஆனால் ஆட்டினேன். உதவி இயக்குநர் ஏதோ எழுதி வைத்திருக்கிறார், நன்றாக இருக்கிறது, பேர் நமக்கு வருகிறது, வரட்டும் என்று ஓடியது புத்தி. அப்புறம்தான் கதாநாயகர் அந்தக் காகிதத்தை என் பக்கம் நீட்டினார். நீல மை. பள்ளிக்கூட நோட்டில் ஓரமாகக் கிழித்த தாள். மார்ஜின் கோட்டைத் தாண்டாமல் எழுதிய எழுத்து. எங்கள் ஆட்கள் யாரும் மார்ஜின் விட்டு எழுதி நான் பார்த்ததில்லை.

"இது நான் எழுதுனது இல்ல" என்றேன்.

கீழே இன்னும் இரண்டு தாள் கிடந்தன. ஒன்றில்: 'ஐயா, திங்கட்கிழமை ஒரு கடிதம் போட்டேன். இருபத்து நான்கு மணி நேரம் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. இன்று வியாழன். நான் முகவரி எழுத மறந்துவிட்டேன். அதனால்தான் உங்களால் வர முடியவில்லை என்று நினைக்கிறேன். மன்னிக்கவும். கீழே எழுதியிருக்கிறேன்.' அடியில் தெரு, தெருக்குழாய், குழாய்க்கு எதிர்வீடு என்று அடையாளம் சொல்லி முகவரி.

மூன்றாவதில் மரியாதை வார்த்தைகள் இல்லை. 'இந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் போடுகிறேன். எனக்கு வேறு இடம் தெரியவில்லை.'

போன திங்கள் எழுதியது முதல் கடிதம். அவள் சொன்ன புதன், நாளை மறுநாள்.

தாள்களோடு வளர்மதியிடம் ஓடி, யார் போட்டது என்று கேட்டேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார். "ஷூட்டிங் போயும் பெட்டி இருக்கவும் நெசப் போலீசுப் பெட்டின்னே ஊருல நெனச்சுட்டாங்கண்ணே. அந்தப் பொண்ணும் கேட்டுச்சு. அக்கா, இதத் தொறக்க வருவாங்களான்னு. நான் வருவாங்க வருவாங்கன்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"இல்லன்னு சொன்னா அது நாலு பேருட்ட சொல்லும். அப்புறம் அந்தக் குடிகாரனுவொ மறுபடி வந்து உக்காருவானுவொ." குரல் இறங்கிவிட்டது. "எனக்கு இந்தப் பத்துப் பன்னண்டு நாளுதாண்ணே நிம்மதி. அதுக்கு இப்படி ஒரு வினை இருக்கும்னு கண்டேனா."

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? கறுப்புக் கோடு போதும் என்று விட்டிருந்தால் கடிதம் உள்ளே போயிருக்காது. சென்னைத் தொப்பியே இருக்கட்டும் என்று விட்டிருந்தால் பூவத்தில் ஒருத்தரும் அந்தப் பெட்டியை நம்பியிருக்கமாட்டார்கள். என் ஊர்க்காரர்கள் பார்ப்பார்கள் என்றேன் அல்லவா, பார்த்தார்கள்.

புரொடக்‌ஷன் மேனேஜர் விவரமானவர். கடிதங்களை ஒரு கவரில் போட்டு ஸ்டேஷனில் யாரையாவது விட்டுக் கொடுத்துவிடலாம், பெட்டியைக் கழற்றி வேனில் ஏற்றிவிடலாம், நாம்தான் மாட்டினோம் என்று தெரிந்தால் மீதிப் படப்பிடிப்புக்கு அனுமதி போய்விடும் என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை, கடிதம் போலீசுக்குப் போய்விடும் அல்லவா? இயக்குநர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வளர்மதியிடம் ஒரு டீ கேட்டேன். முக்கால் பக்க வசனம் எழுதிய ஆள், பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தேன். மேனேஜர் சொன்ன கவர் என் கண்ணுக்கு நல்ல கவராகத் தெரிந்தது. பாதி டீயில்தான் உறைத்தது. மொட்டையாக ஒரு கவர் போனால், யார் கொடுத்தது, எப்போது எழுதியது, நிஜமா விளையாட்டா என்று ஸ்டேஷனில் விசாரிக்க ஆரம்பிப்பார்கள். விசாரிக்காமல் எப்படிக் கிளம்புவார்கள்? அதற்கே ஒரு நாள் போய்விடும். ஆள் நேரில் நின்று இப்படி இப்படி என்று சொன்னால்தான் ஜீப் கிளம்பும். எழுந்து சுவரிலிருந்து பெட்டியை நானே கழற்றினேன். ஸ்குரூடிரைவர் பிடிக்கத் தெரியாமல் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டேன்.

கதாநாயகரும் கூட வந்தார். நல்ல மனிதர், பதற்றத்தில் சீருடையை மாற்ற மறந்துவிட்டார். ஸ்டேஷன் வாசலில் இறங்கியதும் அங்கே நின்ற காவலர், தலையில் நிஜமான சிவப்புத் தொப்பி, விறைத்துக்கொண்டு பாதி சல்யூட் அடித்துவிட்டார். பாதியில் சந்தேகம் வந்து கை காதருகே நின்றது. ஏற்கெனவே கையில் ஒரு போலிப் பெட்டியோடு நிற்கிறேன், பக்கத்தில் ஒரு போலி எஸ்.ஐ. "சார், நீங்க வேன்லயே இருங்க" என்று அவரைத் திருப்பி ஏற்றிவிட்டு உள்ளே போனேன்.

உதவி ஆய்வாளர் ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நான் ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தேன், அதாவது தொப்பியிலிருந்து. அவர் கையை மட்டும் நீட்டினார். மூன்று கடிதத்தையும் கொடுத்தேன். படித்து முடித்து, முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதி வெளியே கொடுத்தனுப்பி, குழந்தைகள் நல அலுவலருக்குப் போன் போட்டு, ஜீப்பை எடுக்கச் சொன்ன பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பெட்டிய யாரு மாட்டுனது?"

"எங்க யூனிட்தாம்மா. ஒரு காட்சிக்காக..."

"சாவி யாருட்ட இருந்துச்சு?"

"சென்னைல."

"தினமும் யாரு வந்து தொறக்குறதா எழுதியிருந்தீங்க?"

"கதையில போலீஸ்காரங்கதான்..."

"கதையில சரி" என்றார்.

இருபத்தைந்து வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த மாதிரி வசனம். கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போனார். நான் எழுதினேன். தொழில் புத்தி போகுமா? கடலோரக் காற்று வீசும் எல்லைக் கிராமம் என்று தொடங்கி, கலையின் பொறுப்பு என்று ஒரு பத்தி, என் மனவேதனை என்று இன்னொரு பத்தி. நான்கு தாள் ஆயிற்று. சாயங்காலம் அவர் திரும்பி வந்தார். பின்னால் ஒரு பெண்காவலரோடு அந்தப் பிள்ளை. ஒல்லியாக, தோளில் பள்ளிக்கூடப் பை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அதை மட்டும் எடுத்துக்கொண்டாளாம். கல்யாணம் நின்றுவிட்டது, பெரியவர்களிடம் எழுதி வாங்கியாயிற்று, இனி அவள் காரைக்காலில் விடுதியில் தங்கிப் படிப்பாள் என்று பேசிக்கொண்டார்கள். மேசைமேல் இருந்த பெட்டியை அவள் பார்த்தாள். கிட்டே வந்து பக்கவாட்டில் விரலால் தட்டினாள். டொக்கென்று பலகைச் சத்தம் வந்தது. அப்படியே கையை எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. நான் யாரென்று தெரியவும் தெரியாது. போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். எழுதிய நான்கு தாளையும் அடுக்கிச் சீராக்கிக்கொண்டிருந்தேன்.

உதவி ஆய்வாளர் என் நான்கு தாளையும் படித்தார். பேனாவால் ஒவ்வொரு பத்தியாகக் குறுக்கே கோடு போட்டார். "நடந்தத மட்டும் எழுதுங்க சார்" என்று வெள்ளைத் தாள் ஒன்றைத் தந்தார். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'பெட்டியை மாட்டச் சொன்னவன் நான். கழற்ற வந்தவரைத் தடுத்தவன் நான். ஒன்பது நாள் யாரும் திறக்கவில்லை.' கீழே கையெழுத்து. எத்தனையோ இயக்குநர்கள் என் வசனத்தை வெட்டியிருக்கிறார்கள். அப்படிச் சரியாக வெட்டியவர் அவர் ஒருவர்தான்.

மேனேஜர் பயந்தபடியே பூவத்தில் அனுமதி போயிற்று. மிச்சத்தைச் சென்னையில் சுவர் எழுப்பி எடுத்தார்கள். அங்கே என்னைக் கூப்பிட்டு இயக்குநர் மெதுவாக ஆரம்பித்தார். கதாநாயகர் கடிதம் படித்த ஷாட் அப்படியே இருக்கிறது, அதற்கு இணையாக இனி எடுக்க முடியாது. மூன்றாவது கடிதத்தில் இருந்ததை முக்கால் பக்க வசனத்துக்குப் பதிலாக வைத்தால் ஊரே அழும். பேர் போடவில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது?

அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அவர் கேட்பதற்கு முன்பே எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டிருந்தது. மூன்று கடிதமும் மனப்பாடம். நோட்டில் ஏற்றவில்லையே தவிர, தலையில் ஏறிவிட்டது. மாட்டேன் என்று நான் சொன்னபோது என் குரலில் அவ்வளவு உறுதி இருந்ததாகவும் ஞாபகம் இல்லை. கதாநாயகர்தான் காப்பாற்றினார். "அதுக்கு நான் டப்பிங் பேசமாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். முக்கால் பக்கமே ஒளிபரப்பாயிற்று. நன்றாக இருந்தது என்று நாலு பேர் சொன்னார்கள். நான் உட்கார்ந்து பார்க்கவில்லை.

வளர்மதி கடைக்கு நிஜக் காவலர்கள் இப்போது வந்துபோகிறார்கள். கடை பெஞ்சில் வந்து சாயும் குடிகாரர்களைப் பற்றியும் அந்த உதவி ஆய்வாளரிடம் சொல்லியிருந்தேன். சிவப்புத் தொப்பி, மோட்டார் சைக்கிள். "இவங்க டீ குடிச்சா கெளம்ப மாட்டேங்குறாங்கண்ணே" என்று வளர்மதி அதற்கும் ஒரு குறை சொல்கிறார்.

ஓய்வு பெற்றபின், போன வருஷம், காரைக்காலில் ஒரு கல்லூரியில் வசனம் எழுதுவது பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். உங்களிடம் பேசுவதுபோலத்தான் பேசினேன். மக்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள், சட்டைப்பையில் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம். பூவம் கதையை மட்டும் சொல்லவில்லை. முடிந்ததும் ஒரு மாணவி மேடையோரம் காத்திருந்து வந்தாள். அடையாளம் தெரியவில்லை.

"அந்தப் பலகைப் பெட்டி இன்னும் இருக்கா சார்?" என்றாள்.

வீட்டில் இருக்கிறது என்றேன். போலீஸ் விசாரணையெல்லாம் முடிந்து திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றும் போட்டு வைக்கவில்லை, சும்மா இருக்கிறது என்றேன். அன்றைக்கு ஸ்டேஷனில் வராத மன்னிப்பு அப்போது வந்தது, கோர்வையில்லாமல். தொடரை விடுதியில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்த்ததாகவும், வசனம் என்று வந்த என் பேரை அங்கேதான் படித்ததாகவும் சொன்னாள். கடிதம் வந்துவிடுமோ என்று கையைப் பிசைந்துகொண்டே இருந்தாளாம். வரவில்லை என்றதும்தான் சாப்பிடப் போனாளாம்.

புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. கடிதத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அதனால் அவளிடமே கேட்டேன், எழுதட்டுமா என்று.

"எழுதுங்க சார். மூணையும் எழுதுங்க. எம் பேரு வேணாம். ஆனா பெட்டிய யாரு மாட்டுனதுன்னு பேரோட எழுதுங்க. கதையில எல்லாம் யூனிட்டு, டிபார்ட்மென்டுன்னு போட்டுட்டுப் போயிடுவீங்க."

மேலே திரும்பிப் பாருங்கள். உதவி ஆய்வாளர் கேட்டபோது 'எங்க யூனிட்தாம்மா' என்றுதான் முதலில் சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டுரையின் அடியில் என் பேர் இருக்கிறது. பெட்டியை மாட்டியவர் பேரும் அதுதான்.